'ஷரேட்' படத்தை வீட்டில் காட்டுவது எப்படி?

அம்மம்மாவும் பாதியில் எழுந்து போகக்கூடாது, பதினாறு வயதுப் பிள்ளையும் கைபேசியைக் கீழே வைக்கவேண்டும், அப்படி ஒரு பழைய ஆங்கிலப் படம் இருந்தால் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: 1963இல் வெளிவந்த 'ஷரேட்'. காதல், சிரிப்பு, கொலை மூன்றும் அளவு தப்பாமல் கலந்த படம். கேரி கிராண்டும் ஓட்ரி ஹெப்பர்னும் சேர்ந்து நடித்த ஒரே படமும் அதுதான். இயக்கியவர் ஸ்டான்லி டொனன். திரைக்கதை பீற்றர் ஸ்டோன். கூட்டத்தில் யாராவது ஒருவர் இது மர்மப்பட இயக்குநர் ஹிட்ச்கொக்கின் படம் என்று கட்டாயம் அடித்துச் சொல்வார். சொல்லட்டும். படம் முடிந்தபிறகு திருத்திக்கொள்ளலாம்.

இந்தப் படத்தைக் கெடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: ஏற்கெனவே பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் காட்டுகிறவர். ஆகவே இந்தக் குறிப்பு முழுவதும் உங்களுக்குத்தான். பார்க்க வருகிறவர்கள் இதை வாசிக்காமல் இருப்பதே நல்லது. கொலைகாரன் யார், பணம் எங்கே என்ற இரண்டையும் நான் இங்கேயும் சொல்லப்போவதில்லை.

முதலில் நல்ல பிரதியாகத் தேடுங்கள். இந்தப் படத்தின் தலையெழுத்து விசித்திரமானது. அக்கால அமெரிக்கச் சட்டப்படி படத்தில் காப்புரிமை அறிவித்தல் முறையாக இடம்பெறவேண்டும். 'ஷரேட்' எழுத்தோட்டத்தில் ஆண்டு இருக்கிறது, தயாரித்தவர்களின் பெயர் இருக்கிறது, எல்லா உரிமைகளும் உடையவை என்ற வரியும் இருக்கிறது. 'காப்புரிமை' என்ற சொல்லும் வட்டத்துக்குள் இடும் அந்தச் சிறு அடையாளமும் மட்டும் இல்லை. அவ்வளவுதான், வெளிவந்த நாளிலேயே படம் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டது. வேண்டியவர் எல்லாம் பிரதி எடுத்து விற்றார்கள். அதனால் இன்றைக்கும் சாயம் வெளுத்த, ஓரம் வெட்டிய, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கிற பிரதிகள் எங்கும் கிடக்கின்றன. இலவசமாகக் கிடைத்தது என்று முதலாவதை எடுத்துப் போடாதீர்கள்.

பிரதியைச் சோதிக்க எழுத்தோட்டமே போதும். ஜேம்ஸ் பொண்ட் படங்களின் தொடக்கத்தில் துப்பாக்கிக் குழாய் ஊடாகப் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை உருவாக்கிய மொரிஸ் பைண்டர்தான் இதையும் செய்தவர். வண்ணக் கோடுகள் வளைந்து சுழலும்; பின்னால் இசையமைப்பாளர் ஹென்றி மன்சினியின் தாளம் கொட்டும். அந்த வண்ணங்கள் பழுப்பேறித் தெரிந்தாலோ, பெயர்களின் ஓரெழுத்து திரைக்கு வெளியே போனாலோ அந்தப் பிரதி வேண்டாம். படம் அகலத்திரைக்கு எடுக்கப்பட்டது. சதுரமாகத் தெரிந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் காணாமற்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். முழு நீளம் 113 நிமிடம். பத்து நிமிடத்துக்கு மேல் குறைந்தால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். சீர்செய்து மீட்ட நல்ல பிரதிகள் வட்டில் வந்திருக்கின்றன. ஒன்றை வாங்கி வைத்தால் மருமக்கள் காலத்துக்கும் உதவும்.

அடுத்தது நேரம். எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். மரைன் டிரைவைத் தாண்டினால் தண்டவாளம், தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். பாணந்துறைப் பக்கம் போகும் மாலை ரயில்கள் ஓயும்வரை இந்த வீட்டில் எந்த வசனமும் முழுதாகக் காதில் விழாது. ஏழரைக்குப் பிறகுதான் தொடங்குவேன். ஆனால் ஒன்று: படத்தின் முதற்காட்சியே விடியற்காலையில் ஓடும் ரயில். அதிலிருந்து ஒரு பிணம் வந்து விழுகிறது. அந்த நேரம் பார்த்து வெளியிலும் ஒரு ரயில் போய்விட்டால் அதைவிடச் சிறப்பு வேறில்லை. கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளை உள்வீதியிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் காலி வீதி பஸ்களின் ஹோர்னிலிருந்து தப்பியதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஹெப்பர்ன் பல இடங்களில் மூச்சோடு மூச்சாகப் பேசுகிறார். மன்சினி திடீரென்று முழங்குகிறார். ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதைவிட ஆங்கில வசன எழுத்துகளைப் போட்டுவிடுவது மேல். கடைசிக் கால்மணி நேரம் இரவும் தூண்களும் நிழலுமாக, பாரிஸின் பலே றோயல் முற்றத்தில் நடக்கிறது. வரவேற்பறை வெளிச்சத்தை அணைத்து, யன்னல் திரையையும் இழுத்துவிடாவிட்டால் அதில் உங்கள் முகம்தான் தெரியும்.

இனி ஆட்கள். ஆங்கிலம் வேகமாகப் போகும், அம்மாவுக்குப் பிடிபடாது என்று காதோடு காதாக மொழிபெயர்க்கத் தொடங்கினால் மற்ற எல்லோருக்கும் படம் போய்விடும். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துக் காலம் தள்ளியவள். பக்கத்தில் இருந்து முணுமுணுக்கும் மொழிபெயர்ப்பின் கொடுமை எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாகத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் எடுத்துக் கதைக்களத்தைச் சொல்லிவிடுங்கள். ரெஜினா என்றொரு பெண், பாரிஸில் வேலை. மலைப் பிரதேசத்தில் விடுமுறையைக் கழித்துவிட்டு, புருஷனை விவாகரத்துச் செய்யும் எண்ணத்தோடு திரும்பி வருகிறாள். வந்தால் வீட்டில் ஒரு கதிரைகூட இல்லை, புருஷன் செத்துவிட்டான். யுத்தகாலத்தில் களவாடப்பட்ட கால் மில்லியன் டொலர் எங்கே என்று மூன்று பேர் அவளைத் துரத்துகிறார்கள். உதவிக்கு வருகிறவர் கேரி கிராண்ட். இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

துரத்துகிற மூவரின் பெயர்களையும் யாரும் நினைவில் வைக்கப்போவதில்லை. எங்கள் அம்மா முதல் தடவையே அவர்களுக்கு நெட்டையன், கொக்கிக்கையன், தும்மல்காரன் என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே இப்போது எங்கள் வீட்டு வழக்கு. நெட்டையன் ஜேம்ஸ் கோபர்ன், கையில் இரும்புக் கொக்கி மாட்டியவர் ஜோர்ஜ் கென்னடி, எந்நேரமும் தும்முகிறவர் நெட் கிளாஸ். இவர்களைவிட அமெரிக்கத் தூதரக அலுவலராக வோல்டர் மத்தௌ. கோபர்ன், கென்னடி, மத்தௌ மூவரும் பின்னாளில் வேறு படங்களுக்காக ஒஸ்கார் வாங்கியவர்கள். சின்ன வேடங்களுக்கும் எப்படிப்பட்ட ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

செத்தவீட்டுக் காட்சிக்கு மட்டும் பெரியவர்களைச் சற்றுத் தயார்படுத்தவேண்டும். பிரேதப்பெட்டி திறந்திருக்கிறது, துக்கம் கொண்டாட மனைவியும் அவளுடைய தோழியும் பொலிஸ் இன்ஸ்பெக்டரும் தவிர ஒரு குஞ்சும் இல்லை. அப்போது தும்மல்காரன் வருகிறான். பெட்டிக்குள் எட்டிப்பார்த்து மளமளவென்று தும்முகிறான். அடுத்து நெட்டையன், பிணத்தின் மூக்கடியில் கண்ணாடியைப் பிடித்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறான். கடைசியில் கதவை அடித்துத் திறந்துகொண்டு கொக்கிக்கையன். ஒரு குண்டூசியை எடுத்துப் பிணத்தில் குத்திப்பார்த்துவிட்டுப் போகிறான். மூவரும் ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்வதில்லை. செத்தவீட்டில் இதென்ன கூத்து என்று அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். குண்டூசி வந்தபோது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கதை சொல்கிறவர்கள் பாடம் படிக்கவேண்டிய காட்சி அது. மூன்று பேரின் குணமும் அவன் செத்ததை ஒருவரும் நம்பவில்லை என்பதும் அந்தச் சில நிமிடங்களில் வந்துவிடுகின்றன.

சாப்பாட்டை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். இது அலட்சியமாகச் சொல்கிற விஷயமல்ல. ரெஜினா பயந்தாலும் தின்கிறாள், யோசித்தாலும் தின்கிறாள். அறிமுகக் காட்சியிலேயே தட்டோடுதான் இருக்கிறாள். சேன் நதிக்கரையில் அவளுடைய ஐஸ்கிறீம் கிராண்டின் கோட்டில் போய் அப்பிக்கொள்கிறது. வெறும் வயிற்றோடு இருப்பவர்களால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காலி வீதிக் கடையில் வாங்கிய மீன் ரோல்ஸும் கட்லட்டும் எங்கள் வீட்டில் ஏழு மணிக்கே மேசைக்கு வந்துவிடும். சிப்ஸ் பைகளைத் தடைசெய்யுங்கள். அந்தச் சரசரப்பு ஹெப்பர்னின் குரலை விழுங்கிவிடும்.

தேநீரை எப்போது கொடுக்கக்கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் உண்மையாகச் சொல்லவந்தது. இன்ஸ்பெக்டர், செத்தவனுடைய பயணப் பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கும் காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. அப்போது தட்டோடு யாரும் திரைக்குக் குறுக்கே போகக்கூடாது, யாரையும் குசினிக்கு அனுப்பக்கூடாது. அதேவேளை, 'இதைக் கவனியுங்கள்' என்று சொல்வதும் பெருந்துரோகம். நிமிர்ந்து உட்கார்வது, தொண்டையைக் கனைப்பது, பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாம் சொல்வதற்குச் சமம். மேல்மாடி மாமா ஒருவர் இருக்கிறார். படத்தைப் பார்க்கமாட்டார், என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை எனக்கு முன்வரிசையில் இருத்திவிடுகிறேன்.

இடைவேளைக்கு உரிய இடம், கிராண்ட் இரண்டாம் தடவை பெயர் மாற்றும் இடம். ஆம், மனிதர் படம் முழுக்கப் பெயர் மாற்றிக்கொண்டே இருக்கிறார். நல்லவரா கெட்டவரா என்று ரெஜினாவைப்போல நாமும் தவிக்கவேண்டும் என்பதற்காகத்தான். அவருடைய மூன்றாவது பெயரைக் கேட்டதும் நிறுத்தி, எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். கொலைகாரன் யார், பணம் எங்கே என்று எழுதி மடித்து ஒரு பேணிக்குள் போடட்டும். அதன்பிறகு வாயால் ஊகம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இப்போது தேநீர் கொடுக்கலாம். என் பெறாமகன் ஒவ்வொரு தடவையும் தாளின் இரண்டு பக்கத்திலும் இரண்டு விடை எழுதுவான்; அவனுக்குச் சின்னத் தாளாகக் கொடுக்கிறேன்.

நடிகர்களைப் பற்றி என்ன சொல்லலாம்? இடைவேளையில் வயதுக் கணக்கைச் சொல்லுங்கள், பேச்சு களைகட்டும். படம் வெளிவந்தபோது கிராண்டுக்கு 59, ஹெப்பர்னுக்கு 34. மகள் வயதுப் பெண்ணின் பின்னால் அலைவது நன்றாக இராது என்று கிராண்டுக்கே கூச்சம். அதனால் பீற்றர் ஸ்டோன் வண்டியைத் திருப்பிவிட்டார்: துரத்துவது அவள், நழுவுவது அவர். அவருடைய நாடிக் குழியைத் தொட்டு, இதற்குள் எப்படிச் சவரம் செய்கிறீர்கள் என்று கேட்பவளும் அவள்தான். அந்த மாற்றமே படத்தைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். காதலிக்கப்பட்டு அலுத்த ஒரு மனிதரின் களைப்பு கிராண்டின் முகத்தில் நன்றாகப் பொருந்துகிறது.

கிராண்ட் இங்கிலாந்தின் பிறிஸ்டலில் ஆர்ச்சி லீச்சாகப் பிறந்து, சிறுவயதிலேயே கரணமடிக்கும் குழுவில் சேர்ந்து அமெரிக்கா போனவர். அந்த உடம்புப் பயிற்சியை இரவு விடுதிக் காட்சியில் பாருங்கள். தோடம்பழத்தைக் கை படாமல், நாடிக்கும் கழுத்துக்கும் இடையில் வைத்து அடுத்தவருக்குக் கடத்தவேண்டும். அவருக்கு வாய்த்தவர் பாரிய உடம்புள்ள ஓர் அம்மையார். பழம் நழுவ நழுவ இவர் வளைகிறார், குனிகிறார். முகத்தில் மட்டும் கனவான் தோரணை குலையவில்லை. கோட்டு சூட்டோடு குளிக்கும் காட்சியிலும் அதே வித்தை: துணிக்கே சவர்க்காரம் போடுகிறார். குடும்பத்தோடு பார்க்கப் பயப்படவேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன உத்தரவாதம்? ஆனால் தோடம்பழ விளையாட்டைப் பிள்ளைகள் உடனே செய்துபார்க்கக் கேட்பார்கள். பழக்கூடையை முன்னரே ஒளித்துவையுங்கள்.

ஹெப்பர்ன் அணிகிற உடைகள் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஜிவென்ஷி தைத்தவை. வீடு காலியாகி, பணமும் இல்லாத ஒருத்திக்கு இத்தனை கோட்டுகள் எங்கிருந்து வந்தன என்று என் தங்கை கேட்பாள். பதில் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு: ரெஜினாவும் உரைபெயர்ப்பாளர்தான், மாநாடு நடந்துகொண்டிருக்கும்போது வேலைக் கூண்டுக்குள் இருந்துகொண்டே கிராண்டோடு சொந்தக் கதை பேசுகிறாள். எங்கள் தொழிலில் அப்படிச் செய்தால் மறுநாள் வேலை இராது.

படம் முடிந்து, துண்டுகளைப் பிரித்து வாசித்தபிறகு சொல்ல ஒரு செய்தியை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டது 1963 நவம்பர் 22. படம் வெளியானது டிசம்பர் 5. நதிக்கரைப் பேச்சில், நாம் எந்நேரமும் படுகொலை செய்யப்படலாம் என்று வேடிக்கையாக ஒரு வசனம் வருகிறது. அந்த வேளையில் அதை எப்படி ஓடவிடுவது? அவசரமாக வேறு சொல்லைக் குரல்கொடுத்து ஒட்டினார்கள். மீட்டெடுத்த பிரதிகளில் பழைய சொல்லே இருக்கிறது. உங்கள் பிரதி எது என்று அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். உதடு ஒன்றும் ஒலி ஒன்றுமாக இருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் என்ன காட்டுவது என்று அங்கேயே கேட்பார்கள். ஓட்ரியை இன்னும் பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு 1966இல் வில்லியம் வைலர் எடுத்த 'ஹவ் டு ஸ்டீல் எ மில்லியன்'. அதுவும் பாரிஸ்தான், கூட பீற்றர் ஓ'டூல். கறுப்பு வெள்ளைக்கு முகம் சுளிக்காத கூட்டமானால் 1934இல் வந்த 'த தின் மேன்'. வில்லியம் பவலும் மெர்னா லோயும் புருஷன் பெண்சாதியாகக் குடித்துக்கொண்டே துப்பறிகிறார்கள். அவர்களின் நாய்க்கு ரசிகர்கள் தனி. ஸ்டான்லி டொனனே 'ஷரேட்' பாணியில் 1966இல் எடுத்த 'அரபெஸ்க்' படத்தை மட்டும் உடனே போடாதீர்கள். கிரகரி பெக்கும் சோபியா லோரனும் இருந்தும் அது இதன் பக்கத்தில் நிற்காது. மேல்மாடி மாமாவும் கொலைகாரனைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்.