இஞ்சி பானம்: வீட்டில் எங்கே கோட்டை விடுகிறோம்?

இஞ்சி உடம்புக்கு நல்லது என்பது எல்லா வீட்டிலும் தெரியும். எவ்வளவு போட்டால் நல்லது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ‘காட்டமா இருந்தாத்தான் கேட்கும்’ என்பது பெரும்பாலான வீடுகளின் கணக்கு. 2020-இல் கொரோனா வந்தபோது இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போனது. கபசுரக் குடிநீரை 60 மில்லி குடிக்கச் சொன்னால், டம்ளர் டம்ளராகக் குடித்தவர்கள் உண்டு. அதோடு காலையில் இஞ்சிச் சாறு, மாலையில் சுக்குக் காபி. சளி வருவதற்கு முன்பே நெஞ்செரிச்சல் வந்து சேர்ந்தது. இஞ்சி பானத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மருந்து என்று நம்புகிறோம், ஆனால் மருந்தைப் போல அளப்பதில்லை. அடுப்பில் வைக்கிறோம், ஆனால் சமையலைப் போலப் பக்குவம் பார்ப்பதில்லை.

முதலில் அளவு. ஒரு டம்ளர் பானத்துக்கு, அதாவது சுமார் 200 மில்லிக்கு, அரை அங்குலத் துண்டு போதும். எடை போட்டால் நாலைந்து கிராம் வரும். பச்சை இஞ்சியில் கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணீர்தான். அதனால் ஐந்து கிராம் இஞ்சி காய்ந்தால் ஒரு கிராம் சுக்கு தேறும். குமட்டலுக்கு இஞ்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு கிராம் சுக்குத்தூளை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். அது தலைதட்டிய அரை டீஸ்பூன். நாம் ஒரு வேளைக்கே ஒரு ஸ்பூன் குவித்துப் போடுகிறோம்.

‘இஞ்சி தீர்ந்துபோச்சு, சுக்கு இருக்கு, அதே அளவு போட்டுடலாம்’ என்பதும் இதே வகைத் தவறுதான். தண்ணீர் வற்றியதோடு கதை முடிவதில்லை. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காயும்போதும் வெகுநேரம் சூடுபடும்போதும் அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. ஷோகால் ஜிஞ்சராலைவிடக் காரமானது. சுக்குக் கஷாயம் தொண்டையில் இறங்கும்போது பிடிக்கும் பிடி அதனால்தான். சுக்குக்கு மாறினால் அளவை ஐந்தில் ஒரு பங்காகக் குறையுங்கள்.

பால் திரிவது பால்காரர் குற்றமல்ல

இஞ்சி டீ போடும்போது பால் திரிந்துவிட்டால், முதல் பழி பால் பாக்கெட் மேலே விழும். பல நேரம் குற்றவாளி இஞ்சிதான். பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் சிஞ்சிபைன் என்ற நொதி இருக்கிறது. சுமார் 60 டிகிரிச் சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும். பாலில் உள்ள கேசின் புரதத்தை அது வெட்ட வெட்ட, பால் திரிதிரியாகப் பிரியும். நன்றாகக் கொதித்துவிட்டால் நொதி செத்துவிடும், பிறகு தொந்தரவில்லை. ஆக, கொதிக்காத இளஞ்சூட்டுப் பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டு, அதைச் சின்னத் தணலில் மெல்ல மெல்லச் சூடேற்றுவதுதான் நாம் அதற்குச் செய்து கொடுக்கும் வசதி. நேற்று வாங்கிய, லேசாகப் புளிக்கத் தொடங்கிய பால் என்றால் கேட்கவே வேண்டாம்.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இதையே ஒரு தின்பண்டமாக்கிவிட்டார்கள். கிண்ணத்தில் இஞ்சிச் சாறு ஊற்றி, அதன்மேல் சர்க்கரை சேர்த்த சூடான பாலைக் கொட்டி, கிளறாமல் வைத்துவிடுவார்கள். சில நிமிடத்தில் கெட்டித் தயிர் மாதிரி உறைந்துவிடும். நமக்கு வேண்டியது டீ என்பதால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் தண்ணீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு மூன்று நான்கு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அப்புறம் டீத்தூள். கடைசியில், ஏற்கெனவே காய்ச்சிய சூடான பால். இலங்கைத் தமிழர் வீடுகளில் குடிக்கும் இஞ்சி பிளேன்ரீக்கு இந்த வம்பே கிடையாது, அதில் பால் சேர்வதில்லை.

கொதிக்கும் நேரமும் மூடியும்

கஷாயம் என்றாலே நாலு டம்ளர் வைத்து ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்ச வேண்டும் என்று மனதில் பதிந்திருக்கிறது. கடினமான பட்டைக்கும் வேருக்கும் அது சரி. இஞ்சி அவ்வளவு கெட்டியான சரக்கல்ல. அதன் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதித்தால் மணம் முழுக்க மேலே போய்விடும், எஞ்சுவது காரமும் கசப்பும்தான். சமையலறை கமகமக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம்; அந்த மணம் டம்ளரில் இல்லை என்று அர்த்தம். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மூடி போட்டு, குறைந்த தீயில் எட்டுப் பத்து நிமிடம். அடுப்பை அணைத்தபின் இன்னும் ஐந்து நிமிடம் மூடியே இருக்கட்டும்.

மிக்ஸியில் அரைப்பதும் பலருக்குப் பழகிவிட்டது. அரைத்தால் நாரும் மாவும் சேர்ந்து கலங்கி, வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சின்ன உரலில் நாலு தட்டு தட்டினால் போதும். நறுக்குவதென்றால் நாருக்குக் குறுக்கே நறுக்குங்கள், சாறு சுலபமாக இறங்கும்.

இஞ்சி வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு கிளையை ஒடித்துப் பாருங்கள். இளம் இஞ்சி பட்டென்று ஒடியும், நார் இருக்காது, காரமும் குறைவு. முற்றியது நாரோடு இழுக்கும், காரம் அதிகம். அதனால் ‘ஒரு துண்டு’ என்பது இரண்டுக்கும் ஒரே அளவல்ல. முளை விட்டிருந்தால் தவறில்லை, முளையைக் கிள்ளிவிட்டுப் பயன்படுத்தலாம். பூசணம் பிடித்த கிளையை மட்டும், அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சமாளிக்கலாம் என்று பார்க்க வேண்டாம். முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

தோல் நஞ்சா, அடியில் தங்கும் வெள்ளை நஞ்சா?

இஞ்சிக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்பது பாட்டிமார் வாக்கு. இஞ்சித் தோலில் விஷம் ஏதும் இல்லை. ஆனால் மண்ணுக்குள் விளைந்த கிழங்கு அது. கணுக்களின் இடுக்கில் மண் இருக்கும், சேமிக்கும்போது பூஞ்சையும் ஒட்டும். எனவே தோல் சீவுவது நல்ல பழக்கம்தான். தவறு எங்கே என்றால், கத்தியை வைத்து உருளைக்கிழங்கு போல ஆழமாகச் சீவுவதில். மணம் தரும் எண்ணெய் தோலுக்குச் சற்றுக் கீழேதான் அதிகம். ஸ்பூனின் விளிம்பால் சுரண்டினால் தோல் மட்டும் மெல்லிசாகச் சுருண்டு வரும். அதற்கு முன்னால் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் வேலை இன்னும் சுளுவு.

அடுத்தது சாறு. துருவிப் பிழிந்த இஞ்சிச் சாற்றை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அசையாமல் வைத்துப் பாருங்கள். முதலில் கலங்கலாக இருக்கும். பத்து நிமிடத்தில் மேலே தேன் நிறத்தில் தெளிவு பிறக்கும், அடியில் சுண்ணாம்பு கரைத்தது போல ஒரு வெள்ளைப் படிவு தங்கும். டம்ளரைச் சாய்த்தால் அது நகராது, விரலால் தொட்டால் மாவு மாதிரி நெருநெருவென்று இருக்கும். இதைத்தான் நஞ்சு என்கிறார்கள். உண்மையில் அது இஞ்சியின் மாவுச்சத்து. சூடான தண்ணீரில் கலந்தால் கஞ்சி போலக் கெட்டியாகிப் பானத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். கழுவிப் போகாத மண்துகளும் அதோடுதான் கீழே இறங்கும். பெரியவர்கள் தெளிவை மட்டும் இறுத்து எடுத்தது சரியான பழக்கம். காரணம்தான் வேறு.

சுக்கு மல்லிக் காபி

காபிப் பொடியே இல்லாத இந்தக் காபியில் மல்லிதான் பெரிய பங்கு. மல்லி நாலு பங்கென்றால் சுக்கு ஒரு பங்கு. மிளகு, சீரகம், ஏலக்காய் எல்லாம் பெயருக்கு. சுக்கைக் கூட்டிக் கூட்டி, மல்லியின் மணமே தெரியாமல் செய்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு சுக்கை வாங்கும் இடத்தில் நடக்கிறது. பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை நல்ல சுக்கு என்று எடுக்கிறோம். அந்த வெள்ளை பெரும்பாலும் சுண்ணாம்பு நீரில் நனைத்துக் காயவைத்ததால் வருவது. மங்கலான மண் நிறத்தில் இருப்பதே போதும். எதுவானாலும் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, ஒருமுறை உடைத்துப் பாருங்கள். உள்ளே வண்டு துளைத்துப் பொடி உதிர்ந்தால் வேண்டாம். மல்லியையும் சுக்கையும் லேசாக, வாசனை எழும்வரை வறுத்தால் போதும், நிறம் மாறினால் கசக்கும். பொடியை ஆறு மாதத்துக்குச் சேர்த்து அரைத்து வைப்பதில் லாபமில்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் அரையுங்கள்.

கருப்பட்டி போடுவதால் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். வெல்லமும் கருப்பட்டியும் வாங்கினால் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மண் இருக்கும்.

தேனைக் கொதிக்கும் பானத்தில் ஊற்றினால் அதன் மணம் போய்விடும், நல்ல தேனுக்குக் கொடுத்த காசு வீண். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கலக்கலாம். எலுமிச்சையும் அப்படித்தான், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சியும் குறையும், சுவையும் கெடும். எலுமிச்சை கலந்த பானத்தை ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ வைக்கக் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இஞ்சிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் திறன் அந்தக் குடலுக்கு இல்லை. குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எதற்குக் குடிக்கிறோம்?

இஞ்சித் தண்ணீர் தொப்பையைக் கரைக்கும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவை இஞ்சிக்காகக் காத்திருப்பதில்லை. குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. சளி பிடித்திருக்கும்போது சூடான பானம் தொண்டைக்கு இதமாக இருக்கும். சோற்றுக்குப் பின் ஒரு மிடறு, வயிற்று உப்புசத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் எதிர்பார்த்து அளவைக் கூட்டும்போதுதான் வம்பு.

‘காலையில் வெறும் வயிற்றில்’ என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. அல்சர், எதுக்களிப்பு உள்ளவர்கள் சாப்பிட்டபின், நீர்த்துக் குடிக்கலாம், அல்லது விட்டுவிடலாம். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நாள்தோறும் இஞ்சிச் சாறு தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இஞ்சி அதிகமானால் ரத்தக் கசிவு கூடும் வாய்ப்பு உண்டு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கும், பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதே பேச்சுதான். ரசத்திலும் டீயிலும் போடும் இஞ்சிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

மிஞ்சியதை வைக்கும் விதத்திலும் சில பேர் ஏமாறுகிறார்கள். இஞ்சிச் சாற்றைப் பாட்டிலில் ஊற்றி வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் போய்ப் புளிக்கத் தொடங்கும். தெளிவை ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்தால், வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்து வெந்நீரில் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்து வீட்டிலேயே நுரைக்கும் இஞ்சி பானம் புளிக்கவைப்பவர்கள் கண்ணாடி பாட்டிலை இறுக மூடி வெளியே வைக்கவே வேண்டாம். உள்ளே சேரும் வாயுவின் அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, அது விறைப்பானதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள், இரண்டு மூன்று நாளில் குடித்து முடியுங்கள்.