கிளிக்கா, கியூபிஎஃப்டியா? லேப்டாப்பிலேயே அளந்து பார்க்கலாம்

எத்தீரியம் வகைத் தனியார் பிளாக்செயினில், அடுத்த பிளாக் எது என்று கணினிகள் ஒத்துக்கொள்ளும் முறைதான் கன்சென்சஸ். கிளிக் (Clique), கியூபிஎஃப்டி (QBFT) அதில் இரண்டு வகை; எது வேகம் என்று அளப்பதுதான் இந்தப் பதிவு. டாக்கர் (மென்பொருளைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) ஓட்டத் தெரியும், ஜெனசிஸ் கோப்பை (செயினின் தொடக்க அமைப்புகள் இருக்கும் கோப்பு) திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வேண்டியவை இரண்டுதான்: நோட்டை (node, நெட்வொர்க்கில் பங்கேற்கும் கணினி) ஓட்டும் மென்பொருளான பெசு (Besu), வேகத்தை அளக்கும் கருவியான கேலிப்பர் (Caliper). நோட்டுக்குப் பெசுவைத்தான் சொல்வேன். கிளிக், கியூபிஎஃப்டி இரண்டும் அதற்குள்ளேயே உண்டு. ஒன்றைக் கெத்திலும் (Geth, இன்னொரு நோட்டு மென்பொருள்) மற்றதைப் பெசுவிலும் ஓட்டினால், வித்தியாசம் கன்சென்சஸால் வந்ததா மென்பொருளால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. கிளிக்கை மெல்ல மெல்லக் கைவிட்டு வருகிறார்கள், அதனால் அது இருக்கிற பதிப்பாகப் பார்த்து இறக்குங்கள்.

படி 1: கிளிக்குக்கு ஒன்று, கியூபிஎஃப்டிக்கு ஒன்று என இரண்டு நெட்வொர்க், ஒவ்வொன்றிலும் 5 வேலிடேட்டர் (பிளாக்கை உருவாக்கி ஒப்புதல் தரும் நோட்டு). எல்லோரும் 4 போடுவார்கள். 5 ஏன் என்பது படி 4-ல் வரும்.

படி 2: ஜெனசிஸ். என் இரண்டு மாலைகளைத் தின்றது இதுதான். முதல் ஓட்டத்தில் கியூபிஎஃப்டி நொடிக்கு 111 பரிவர்த்தனை, கிளிக் வெறும் 15. கியூபிஎஃப்டி 7 மடங்கு வேகம் என்று நண்பர்களிடம் சொல்லியும் விட்டேன். பிறகு ஒரு பிளாக்கைத் திறந்து எண்ணினால் 223 பரிவர்த்தனை. அடுத்ததிலும் 223. கிளிக்கிலும் அதே 223!

மாதிரி ஜெனசிஸ் கோப்பில் கேஸ் லிமிட் 47 லட்சம். (கேஸ் என்பது பரிவர்த்தனைக்கு ஆகும் வேலையின் அளவு; லிமிட் என்பது ஒரு பிளாக்கில் அடங்கும் உச்சவரம்பு.) சாதாரணப் பணமாற்றம் ஒன்றுக்கு 21,000 கேஸ். வகுத்தால் 223-தான் வரும். கியூபிஎஃப்டிக்கு 2 நொடிக்கு ஒரு பிளாக், கிளிக்குக்கு 15 நொடிக்கு ஒன்று என்று கோப்பிலேயே இருந்தது. அதாவது நான் அளந்தது கன்சென்சஸை அல்ல, யாரோ எழுதிவைத்த இரண்டு எண்களை. பிளாக் இடைவெளியை இரண்டிலும் ஒன்றாக்கி, கேஸ் லிமிட்டைத் தாராளமாக ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

படி 3: தாமதம். ஒரே கணினிக்குள் ஓடும் நோட்டுகளுக்கு இடையே தூரமே இல்லை. லினக்ஸில் நெட்வொர்க் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி (tc) கட்டளையின் நெட்எம் (netem) வசதியால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 400 மில்லிநொடி தாமதம் கொடுங்கள். (கன்டெய்னருக்கு நெட் அட்மின் (NET_ADMIN) அனுமதி தராவிட்டால் டிசி முரண்டு பிடிக்கும்.) கியூபிஎஃப்டியில் முன்மொழிவு, பிரிபேர், கமிட் என மூன்று சுற்றுச் செய்தி போகவேண்டும், 1.2 நொடி. இடைவெளி 2 நொடி என்றால் அதற்குள் அடங்கிவிடும். 1 நொடியாகக் குறைத்துப் பாருங்கள், மூச்சு வாங்கும். கிளிக்கில் முறைக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் முடிந்தது.

அதற்காகக் கிளிக்குக்கு மாலை போட்டுவிடாதீர்கள். அதில் பிளாக் பின்னால் மாறலாம், கியூபிஎஃப்டியில் வந்தது வந்ததுதான். கேலிப்பரில், ஒரு பரிவர்த்தனை உறுதியானதாக எண்ண எத்தனை பிளாக் காத்திருப்பது என்ற அமைப்பு உண்டு: கியூபிஎஃப்டிக்கு 1, கிளிக்குக்கு நான் 3 வைக்கிறேன். இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் படிப்பதே இல்லை.

படி 4: இரண்டு நோட்டை நிறுத்துங்கள். மீதி 3 பேரோடு கிளிக் தட்டுத்தடுமாறி ஓடும். கியூபிஎஃப்டிக்கு 4 பேர் வேண்டும், அப்படியே நின்றுவிடும். 4 நோட்டில் செய்திருந்தால் இரண்டும் நின்றிருக்கும், வித்தியாசமே தெரிந்திருக்காது.

பின்சேர்க்கை: நிறுத்திய நோட்டுகளை எழுப்பியும் கியூபிஎஃப்டி அசையவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். பழுதில்லை. போதிய ஒப்புதல் கிடைக்காமல் தோற்ற ஒவ்வொரு சுற்றுக்கும் (பிளாக்குக்கான முயற்சி) காத்திருப்பு இரட்டிப்பாகும்; 4 நொடியில் தொடங்கினால் பத்தாவது சுற்றில் அரை மணி நேரத்துக்கும் மேல். ஐந்தையும் ஒன்றாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.