இலக்கியத் தேர்வுக்கு முதலில் எடுக்க வேண்டியவை

இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதப்படும் பள்ளித் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யின் ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர்கள், விலைகொடுத்து வழிகாட்டி நூல்களை வாங்குவதற்கு முன், தேர்வு வாரியங்கள் தம் இணையதளங்களில் வெளியிடும் பழைய வினாத்தாள்கள், மதிப்பெண் வழங்கும் நெறிமுறைகள், விடைத்தாள்களைத் திருத்தியவர்களின் கருத்துகளைத் தொகுத்துத் தரும் தேர்வாளர் அறிக்கைகள் ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. இவற்றுள் அதிகம் கவனிக்கப்படாதது தேர்வாளர் அறிக்கையே. ஆனால், மாணவர்கள் எங்கே கதையை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார்கள், எங்கே மேற்கோளை ஆராயாமல் விடுகிறார்கள் என்பதை அது எடுத்துக்காட்டுகளோடு விளக்குவதால், பாடத்திட்டத்தை வகுக்க அதைவிடச் சிறந்த துணை இல்லை என்பேன்.

மதிப்பெண் பங்கீட்டையும் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மொழி, வடிவம், அமைப்பு ஆகியவற்றை ஆராய்வதற்கு 40 முதல் 45 விழுக்காடும், படைப்பின் காலச்சூழலைத் தொடர்புபடுத்துவதற்கு 15 முதல் 20 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருக்கையில், ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றைப் பத்தி பத்தியாக எழுதுவது நேரவிரயமே.

2017 முதல் புதிய வடிவில் நடைபெறும் இத்தேர்வில் பாடநூல்களைப் பார்த்து எழுத அனுமதியில்லை. எனவே நீண்ட பகுதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், பல வினாக்களுக்குப் பொருந்தும் மூன்று நான்கு சொற்கள் கொண்ட மேற்கோள்களைக் கதைமாந்தர்வாரியாக மாணவர்களே தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம்.