விபிபி ஓடும் ரவுட்டரில் சிபியு 100% காட்டுகிறதா?

லினக்ஸ் ரவுட்டரில் டிபிடிகே (இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தாண்டி நெட்வொர்க் கார்டை நேரடியாகக் கையாளும் லைப்ரரி), விபிபி (பாக்கெட்டுகளைக் கட்டுக்கட்டாக எடுத்து அனுப்பும் மென்பொருள்) போட்டதும் டாப் கமாண்டில் ஒர்க்கர் கோர் (பாக்கெட் வேலைக்கென ஒதுக்கிய சிபியு கோர்) எந்நேரமும் 100% என்றே நிற்கும், டிராஃபிக்கே இல்லாவிட்டாலும். கோளாறு இல்லை, இன்டரப்ட்டுக்கு (பாக்கெட் வந்ததென கார்டு தரும் சிக்னல்) காத்திருக்காமல் நெட்வொர்க் கார்டை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். 10 ஜிகாபிட் லைனில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு சுமார் 1.488 கோடி, ஒன்றுக்குக் கிடைப்பது வெறும் 67 நானோ நொடி, இதில் ஒவ்வொன்றுக்கும் கெர்னலைக் கூப்பிட நேரம் ஏது?

உண்மையான சுமை தெரிய விபிபி கன்சோலில் முதலில் 'கிளியர் ரன்டைம்' (இல்லையென்றால் பழைய கணக்கும் சேர்ந்த சராசரிதான் வரும்), சில நொடி விட்டு 'ஷோ ரன்டைம்' கொடுத்து, கடைசி நெடுவரிசையில் இருக்கும் வெக்டார்ஸ்/கால் (ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி) எண்ணைப் பாருங்கள். ஒன்று, இரண்டு என்றால் கோர் சும்மா சுற்றுகிறது. உச்ச அளவான 256-ஐ நெருங்கினால் திணறுகிறது, இன்னொரு ஒர்க்கர் கொடுங்கள், கூடவே ஆர்எக்ஸ் க்யூவையும் (கார்டில் வரும் பாக்கெட்டுகள் நிற்கும் வரிசை) கூட்டுங்கள், பலர் இதை விட்டுவிட்டு புது கோர் வேலையே செய்யவில்லை என்பார்கள்.

அப்புறம், இரண்டு சாக்கெட் (இரண்டு சிபியு) சர்வர் என்றால் கார்டு எந்த நூமா நோடில் (ஒரு சிபியுவும் அதற்கு நெருக்கமான மெமரியும் சேர்ந்த பகுதி) இருக்கிறதோ அதே நோடின் கோரையும் ஹியூஜ்பேஜையும் (பெரிய அளவு மெமரிப் பக்கம்) கொடுங்கள்.