அமெரிக்காவில் விமானி உரிமம், அதன்பின் பயிற்றுநர் உரிமம்: பார்ட் 61 விதிகள் படிப்படியாக

வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா வந்து, வார இறுதியில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் தமிழர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் ஓட்டினால் லைசென்ஸ் கிடைக்கும்?" என்பதுதான். மணிக்கணக்கு வேண்டியதுதான். ஆனால் எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் விமானி, பயிற்றுநர் உரிமங்களுக்கு வகுத்த பார்ட் 61 விதிகளைத் திறந்து பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் வருவது பயிற்றுநரின் கையெழுத்து. தனியாகப் பறக்க, எழுத்துத் தேர்வு எழுத, செக்ரைடு என்ற இறுதிச் சோதனைக்குப் போக, எல்லாவற்றுக்கும் "இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இவர் தயார்" என்று ஒரு பயிற்றுநர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பெயர் என்டார்ஸ்மென்ட். ஒரு கையெழுத்து விடுபட்டால், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் தேர்வு நாளன்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே, எல்லாம் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் விதியை நீங்களே படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு.

படி 1: பணம் கட்டுமுன் இரண்டு காரியம்

முதலில் மெடிக்கல். தனியார் விமானி உரிமத்துக்கு மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் போதும். மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணையதளத்தில் படிவத்தை நிரப்பிவிட்டு, எஃப்ஏஏ அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும். பரிசோதனை நாளில் 40 வயது நிரம்பாதவருக்கு இது 60 மாதம் செல்லும், மற்றவர்களுக்கு 24 மாதம். மன அழுத்தத்துக்கு மாத்திரை, இதய நோய், வலிப்பு என்று பழைய வரலாறு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். பொய்த் தகவல் தருவது பெரிய குற்றம். அதே நேரம், அவசரப்பட்டுப் பரிசோதனைக்கும் போய்விடாதீர்கள். முதலில் அந்த மருத்துவரிடம் ஆலோசனை மட்டும் கேட்டு, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். பாதிப் பயிற்சி முடிந்த பிறகு மெடிக்கல் கிடைக்காது என்று தெரிந்தால், அதுவரை செலவழித்ததை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இரண்டாவது, குடியுரிமை. அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால், கிரீன் கார்டு வைத்திருந்தாலும், பயிற்சி தொடங்குமுன் டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி வாங்க வேண்டும். முழுநேரப் பயிற்சிக்காகவே இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு எம்-1 போன்ற மாணவர் விசா தனியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து முழுநேரமாகப் படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 2: மாணவர் சான்றிதழ்

16 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆங்கிலம் படிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். ஐயாக்ரா என்ற எஃப்ஏஏ இணையதளத்தில் விண்ணப்பம் போட்டால் பயிற்றுநரே அடையாளத்தைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார். பயிற்றுநரோடு பறக்க இந்தச் சான்றிதழ் தேவையில்லை, தனியாகப் பறக்கத்தான் வேண்டும். ஆனால் வந்து சேர நாளாகும் என்பதால் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

படி 3: முதல் சோலோ (தனியாகப் பறப்பது)

இதற்கு இத்தனை மணி நேரம் என்று விதியில் எண்ணே கிடையாது. பயிற்றுநர் தயாரிக்கும் ஓர் எழுத்துத் தேர்வை எழுத வேண்டும்: விதிகள், உங்கள் விமான நிலையத்தின் நடைமுறை, ஓட்டப்போகும் விமானத்தின் வரம்புகள். பதில்களைத் திருத்துவதோடு அவர் வேலை முடியாது. தவறான ஒவ்வொன்றையும் உங்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அப்புறம் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை), அவசர இறக்கம், கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) போன்ற பயிற்சிகள் லாக்புக் என்ற பறப்புப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். சோலோ என்டார்ஸ்மென்ட் 90 நாள்தான் செல்லும். 91-ஆம் நாள் தனியாகக் கிளம்பினால், நேற்று வரை நீங்கள் எவ்வளவு அருமையாக ஓட்டியிருந்தாலும் அது விதிமீறல். மாணவராக இருக்கும்வரை பயணி யாரையும் ஏற்றக் கூடாது.

படி 4: 40 மணி நேரத்தை நிரப்புவது

மொத்தம் குறைந்தது 40 மணி நேரம்: 20 பயிற்றுநரோடு, 10 தனியாக, மீதம் எப்படியும். நடைமுறையில் பெரும்பாலானோருக்கு இதைவிடக் கூடுதலாகவே ஆகும், பட்ஜெட்டை 40-ஐ வைத்துப் போடாதீர்கள். இந்த 40-க்குள் இருக்கும் சின்னச் சின்ன நிபந்தனைகளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பயிற்றுநரோடு கிராஸ் கன்ட்ரி (வேறு ஊருக்குப் போகும் தொலைதூரப் பறப்பு) 3 மணி, இரவில் 3 மணி, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 3 மணி, தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் தேர்வுத் தயாரிப்பாக 3 மணி.

இரவுக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 10 முறை மேலேறி 10 முறை இறங்க வேண்டும், ஒவ்வொரு இறக்கமும் முழுதாக நிற்க வேண்டும். சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதும் மறுபடி கிளம்பும் டச் அண்ட் கோ இந்தப் பத்தில் சேராது. அதோடு மொத்தம் 100 நாட்டிகல் மைலுக்கு (ஒன்று சுமார் 1.85 கி.மீ.) மேல் ஓர் இரவுப் பயணமும் வேண்டும். லாக்புக்கில் "இரவு 1.2" என்று எழுதி, எத்தனை முழு நிறுத்தம் என்று குறிக்காமல் விட்ட வரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். செக்ரைடு நடத்தும் தேர்வாளர் அந்த எண்ணைத்தான் தேடுவார்.

சோலோ கிராஸ் கன்ட்ரி 5 மணி. அதில் ஒன்று நீண்டது: மொத்தம் குறைந்தது 150 நாட்டிகல் மைல், மூன்று இடங்களில் முழு நிறுத்த இறக்கம், ஒரு பகுதியாவது நேர்கோட்டில் 50-க்கு மேல். டெக்சஸில் ஜார்ஜ்டவுனிலிருந்து வேக்கோ, அங்கிருந்து காலேஜ் ஸ்டேஷன், திரும்பவும் ஜார்ஜ்டவுன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பகுதியும் 50-ஐத் தாண்டுகிறது, மொத்தம் சுமார் 200. சரி, இது தாராளமாகப் போதும். நானாக இருந்தால் இப்படிக் கொஞ்சம் தாராளமாகவே திட்டமிடுவேன். கணக்குப் போட்டு 151 மைலில் ஒரு பாதை வகுத்து, வானிலையால் ஒரு நிலையத்தை மாற்ற நேர்ந்தால் மொத்தப் பயணமும் கணக்கில் வராமல் போய்விடும். கிளம்பும் நாளன்று உங்கள் திட்டத்தையும் வானிலையையும் பயிற்றுநர் பார்த்து, அந்தப் பயணத்துக்கென்றே தனியாக என்டார்ஸ்மென்ட் எழுத வேண்டும். போன வாரக் கையெழுத்து இதற்கு ஆகாது. இது தவிர, கட்டுப்பாட்டுக் கோபுரம் இயங்கும் விமான நிலையத்தில் தனியாக மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

படி 5: எழுத்துத் தேர்வும் செக்ரைடும்

எழுத்துத் தேர்வில் 60 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, முடிவு 24 காலண்டர் மாதம் செல்லும். செக்ரைடு என்பது நேர்முகக் கேள்விகளும் பறப்பும் சேர்ந்தது, 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். முந்தின நாள் பயிற்றுநரோடு உட்கார்ந்து, விதியின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் லாக்புக்கில் எந்த வரி பதில் சொல்கிறது என்று சின்னத் தாள் ஒட்டி வைத்துவிடுங்கள். தேர்வாளரின் முதல் கேள்வியே பெரும்பாலும் அதுதான்.

படி 6: உரிமம் வந்த பிறகு

தனியார் விமானி கூலிக்கு ஓட்டக் கூடாது. நண்பர்களோடு செலவைப் பகிரலாம், அதற்கும் அளவு உண்டு. எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவை மட்டும், அதிலும் உங்கள் பங்கு சமமாகவாவது இருக்க வேண்டும். நாலு பேர் போய் 400 டாலர் ஆனால் நீங்கள் 100-க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். இரவில் ஏற்றுவதானால் அந்த மூன்றும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் உதிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பும் நடந்திருக்க வேண்டும், முழு நிறுத்தத்தோடு. லாக்புக்கில் இரவு நேரம் என்று எழுதுவதற்கான வரம்பு வேறு, அது மாலை அந்தி வெளிச்சம் முடிந்ததும் தொடங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

24 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை ஃபிளைட் ரிவ்யூ உண்டு: குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பேச்சு, ஒரு மணி நேரம் பறப்பு. 2025 மார்ச் 4-ஆம் தேதி முடித்தால் 2027 மார்ச் 31 வரை செல்லும், ஏனென்றால் கணக்கு மாதக் கடைசியில்தான் முடிகிறது.

படி 7: பயிற்றுநராவது

இடையில் இரண்டு படி உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) விமானப் பொறுப்பாளராக கிராஸ் கன்ட்ரி 50 மணி நேரமும், கருவிப் பறப்பு 40 மணி நேரமும். கூலிக்கு ஓட்ட வழிசெய்யும் கமர்ஷியல் உரிமத்துக்கு 18 வயது, 250 மணி நேரம்.

இவை இரண்டும் கையில் இருந்தால் பயிற்றுநர் உரிமத்துக்குப் போகலாம். இரண்டு எழுத்துத் தேர்வு: ஒன்று விமானப் பாடம், இன்னொன்று கற்பித்தல் அடிப்படை. அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் ஆசிரியராக இருப்பவருக்கு இரண்டாவது தேர்விலிருந்து விலக்கு உண்டு, தமிழ்ப் பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னுக்குள் (விமானம் சுழன்றபடி கீழே விழும் நிலை) போய் வெளியே வருவதைச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று தனி என்டார்ஸ்மென்ட் வேண்டும். சோதனையில் நீங்கள் வலது இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டிக்கொண்டே பாடம் நடத்த வேண்டும். எனக்குத் தெரிந்து மொத்தப் பாதையிலும் கடினமான தேர்வு இதுதான். நன்றாக ஓட்டுபவர்கள்கூட, தான் செய்வதை வாயால் சொல்ல வரும்போது திணறிப்போகிறார்கள். தினமும் யாராவது ஒருவருக்கு உரக்கப் பாடம் சொல்லிப் பழகுங்கள்.

பயிற்றுநரான பின் 24 மணி நேரத்துக்குள் 8 மணி நேரத்துக்கு மேல் பறப்புப் பயிற்சி தரக் கூடாது, உங்களுக்கு நீங்களே என்டார்ஸ்மென்ட் எழுதிக்கொள்ளவும் கூடாது. 2024 டிசம்பர் 1 முதல் பயிற்றுநர் சான்றிதழில் காலாவதித் தேதி அச்சிடுவதில்லை. ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பித்துக் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

கற்றுக்கொள்பவருக்கு இங்கே ஒரு விஷயம். 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தால், பயணிகள் விமான நிறுவனத்தின் துணை விமானிக்கும் ஏடிபி என்ற மேல்நிலை விமானிச் சான்றிதழ் கட்டாயமானது, அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அந்த மணி நேரத்தைச் சேர்க்கவே பல இளைஞர்கள் பயிற்றுநராகிறார்கள், எண்ணிக்கை நிரம்பியதும் விமான நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் பயிற்சி நடுவில் ஆள் மாறுவது சகஜம். சோலோவுக்கும் தேர்வுகளுக்கும் யார் யாருக்குக் கையெழுத்திட்டோம் என்ற பதிவைப் பயிற்றுநர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதிதான். ஆனாலும் அவர் கிளம்புமுன் லாக்புக்கில் அவருடைய பெயர், சான்றிதழ் எண், கையெழுத்து மூன்றும் ஒவ்வொரு பயிற்சி வரியிலும் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இந்தியா திரும்பி, அங்குள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் உரிமமாக மாற்ற நினைத்தால், தனித் தேர்வுகளும் இந்திய மெடிக்கலும் போக, அங்கேயும் இதே லாக்புக்கைத்தான் வரி வரியாகப் பார்ப்பார்கள்.