அம்பையில் இருந்தபடி மும்பை சர்வரில் கோட் எழுத

அம்பை, கல்லிடைக்குறிச்சி, தென்காசி பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். லேப்டாப் பழசு, நெட்டு போன் ஹாட்ஸ்பாட்டில், சாரல் காலத்தில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்டும் நிற்காது. இந்த நிலைமைக்கு விஎஸ் கோடு என்ற கோட் எழுதும் எடிட்டரின் ரிமோட் எஸ்எஸ்எச் எக்ஸ்டென்ஷன் அருமையாகப் பொருந்தும். எஸ்எஸ்எச் என்பது சர்வர் போன்ற தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. எடிட்டரின் திரை மட்டும்தான் உங்களிடம் இருக்கும். ஃபைல், டெர்மினல், புரோகிராம் ஓடுவது எல்லாம் சர்வரில்தான்.

முதலில் சாவி, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் உங்களை சர்வருக்கு அடையாளம் காட்டும் ஃபைல் ஜோடி. பாஸ்வேர்டை நம்ப வேண்டாம். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லைத் திறந்து எஸ்எஸ்எச்-கீஜென் கமாண்டை இடி25519 என்ற சாவி வகை கேட்டு ஓட்டுங்கள், இரண்டு ஃபைல் வரும். பப் என்று முடிகிறதை மட்டும் சர்வருக்குக் கொடுக்கலாம், மற்றதை எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் வாட்ஸ்அப்பில்கூட அனுப்பக் கூடாது. லினக்ஸில் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கமாண்டு போதும், அதுவே பப் ஃபைலை சர்வரில் சேர்த்துவிடும். விண்டோஸில் அது இல்லாததால் பப் ஃபைலில் உள்ள அந்த ஒற்றை வரியை சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் நீங்களே ஒட்ட வேண்டும். ஒட்டியதும் நீங்கள் மட்டும் தொடும்படி, அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கு 700, ஃபைலுக்கு 600 என்று பர்மிஷன் வையுங்கள், மற்றவர்களும் எழுதலாம் என்று திறந்து கிடந்தால் சர்வர் உங்கள் சாவியைச் சட்டை செய்யாது, திரும்பத் திரும்ப பாஸ்வேர்டே கேட்கும்.

அப்புறம் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, எஃப்1 அழுத்தி, எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலைத் திறங்கள். ஹோஸ்ட் என்ற இடத்தில் பொருநை என்றோ என்னவோ ஒரு சின்னப் பெயர், ஹோஸ்ட்நேமில் ஐபி, யூசரில் சர்வரில் உள்ள உங்கள் பெயர், ஐடென்டிட்டி ஃபைலில் சாவி இருக்கும் பாதை. கூடவே சர்வர் அலைவ் இன்டர்வல் 60 என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். சும்மா இருக்கும் இணைப்பை நடுவில் எதுவும் வெட்டிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும், ஹாட்ஸ்பாட்காரர்களுக்கு இது பெரிய உதவி.

முதல் தடவை கனெக்ட் ஆகும்போது சர்வரின் அடையாளமான ஃபிங்கர்பிரின்ட் என்ற எழுத்து வரிசையைக் காட்டும், சர்வர் கொடுத்தவர்களின் பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்பார்த்துவிட்டு சரி சொல்லுங்கள். பிறகு சர்வரில் ஒரு துணைப் புரோகிராம் இறங்கும், கொஞ்சம் பொறுங்கள். சர்வரில் 1 ஜிபி ராமுக்குக் குறைந்தால் திணறும், 2 இருந்தால் நல்லது. சர்வரின் ஓஎஸ் உபுண்டு என்றால் 18.04 இனி ஆகாது, 20.04க்கு மேல் வையுங்கள். பைத்தான் போன்ற எக்ஸ்டென்ஷன்களை சர்வர் பக்கமும் தனியாகப் போட வேண்டும்.

சர்வர் எடுக்கும்போதே மும்பை அல்லது பெங்களூர் பாருங்கள். அமெரிக்காவில் இருந்தாலும் எடிட்டரில் டைப் செய்வது தாமதமாகாதுதான், ஆனால் டெர்மினலில் ஒவ்வொரு எழுத்தும் போய் வருவது தெரியும்.

கடைசியாக, எழுதுவதைத் தானே சேமிக்கும் ஆட்டோ சேவ், இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் வேலையை சர்வரில் விடாமல் வைத்திருக்கும் டிமக்ஸ் புரோகிராம், இரண்டும் வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை எதையும் டிமக்ஸுக்குள்ளேயே ஓட்டுங்கள். கரண்ட் போய் மோடம் அணைந்தாலும் சர்வரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நெட்டு வந்ததும் டிமக்ஸ் அட்டாச் அடித்தால் விட்ட இடத்திலேயே நிற்பீர்கள்.