சின்னக் காரைக் கொடுத்து வேன் எடுக்கப் போகிறீர்களா?

கல்முனையிலோ காத்தான்குடியிலோ கார் சேல் (வாகனம் விற்கும் கடை) பக்கம் வேன் பார்க்கப் போனால், உங்கள் ஆல்டோ காரைக் கொடுத்து மாற்றும் எண்ணத்தை முதலில் வெளியே விடாதீர்கள். "காசுக்கு எடுத்தா கடைசி விலை என்ன?" என்று கேளுங்கள். அந்தத் தொகையைத் துண்டில் எழுதி வாங்கிய பிறகு காரின் கதையை எடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பேசினால், "மேலே இவ்வளவு போடுங்க, வேனைக் கொண்டுபோங்க" என்று ஒரே தொகைதான் வரும். ஆல்டோவுக்கு 2 இலட்சம் கூட்டித் தந்து, வேனில் 3 இலட்சம் ஏற்றினாலும் நமக்குப் பிடிபடாது. காருக்கு நல்ல விலை கிடைத்த சந்தோஷம் மட்டும் மிச்சம். தனித்தனியாகப் பேசினால் எங்கே அடிக்கிறார்கள் என்று தெரியும், காரை வெளியில் விற்கும் வழியும் திறந்திருக்கும். போவதற்கு முன் அதே ஆண்டு, அதே மொடலுக்கு இணைய விளம்பரங்களில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். (அது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. கொஞ்சம் கழித்தே கணக்கிடுங்கள்.)

லீசிங் (தவணைக் கடன்) முடியாத காருக்கு இது அவ்வளவாக உதவாது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும்வரை வெளியாள் வாங்கத் தயங்குவார். அப்போது கடைக்காரரே மிச்சத்தைக் கட்டி மாற்றித் தருவதாகச் சொன்னால், விலை சற்றுக் குறைந்தாலும் அலைச்சல் இல்லை. வேனை நேரே சொந்தக்காரரிடம் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விலையும் கலக்கும் இந்தச் சிக்கலே கிடையாது.